ஊருக்குள் நுழையவே டிக்கெட்: வெனிஸில் அவசரமாக வந்து போகிறவர்களிடம் மட்டும் ஏன் கட்டணம்?

மதுரையிலிருந்து ஐரோப்பா பேக்கேஜ் டூர் கிளம்பும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் மகள். பத்து நாளில் ஆறு நாடு. பயணத் திட்டத்தில் ஏழாம் நாளுக்கு எதிரே 'வெனிஸ் – 4 மணி நேரம்' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'நகர நுழைவுக் கட்டணம் தனி'.

"ஊருக்குள்ள போறதுக்கே டிக்கெட்டா? இது என்ன பொருட்காட்சியாடி?" என்று கேட்கிறார் அம்மா.

"அந்த ஊர்க்காரங்களும் அதையேதாம்மா கேட்டாங்க" என்கிறாள் மகள்.

உண்மைதான். 2024 ஏப்ரல் 25-ம் தேதி, உலகிலேயே முதல்முறையாக ஒரு பெரிய நகரம் பகல் நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கிய அன்று, வெனிஸ்வாசிகள் நூற்றுக்கணக்கில் தெருவுக்கு வந்து போராடினார்கள். "எங்க ஊரு தீம் பார்க் இல்லை" என்பதுதான் அவர்களுடைய கோஷம். ஆனால் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே ஒரு விநோதமும் இருக்கிறது. நாலு மணி நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் காசு கட்ட வேண்டும். ராத்திரி தங்கி நிதானமாகப் பார்க்கிறவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. ஏன் இப்படி?

கட்டணம் யாருக்கு, எவ்வளவு?

14 வயதுக்கு மேற்பட்ட, வெனிஸில் இரவு தங்காத வெளியூர்க்காரர்கள் கட்ட வேண்டும். வருடம் முழுக்கக் கிடையாது. கூட்டம் அதிகம் வரும் குறிப்பிட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை மட்டும். 2024-ல் 29 நாட்களுக்கு 5 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 500 ரூபாய். 2025-ல் நாட்கள் 54 ஆகின. நாலு நாட்களுக்கு முன்பே பதிவு செய்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தால் 10 யூரோ.

பணம் கட்டியதும் செல்போனுக்கு ஒரு கியூஆர் கோடு வரும். ரயில் நிலையத்திலும் பேருந்துகள் வந்து நிற்கும் இடங்களிலும் ஊழியர்கள் அதைச் சோதிப்பார்கள். கோடு இல்லாமல் பிடிபட்டால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம்.

வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் எங்கே அறை எடுத்துத் தங்கினாலும் விலக்கு உண்டு. கடலுக்கு இந்தப்பக்கம் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேவும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. தங்குகிறவர்கள் ஓட்டல் கட்டணத்தோடு சுற்றுலா வரியை ஏற்கெனவே கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். ஆனால் விலக்கு பெறவும் இணையத்தில் பதிவு செய்து கோடு வாங்கியாக வேண்டும். பக்கத்து ஊரான பாதுவாவில் தங்கிவிட்டுப் பகலில் வந்து போனால் விலக்கு இல்லை, கட்டணம் கட்டணும்.

அவசரக்காரர்கள் மேல் என்ன கோபம்?

வெனிஸ் சின்ன ஊர். 118 குட்டித் தீவுகள், அவற்றை இணைக்கும் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். கார், பைக், ஆட்டோ எதுவும் கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். சில சந்துகளில் எதிரே ஒருவர் குடையோடு வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்கு வருடத்துக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி பகலில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும் கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், ஒரே பாதையில் நடக்கிறார்கள், ஒரே சதுக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். குப்பையும் நெரிசலும் ஊருக்கு. சாப்பாடு, தங்கல், செலவு எல்லாம் பெரும்பாலும் வேறு ஊரில்.

கடல் வழியாகவும் கூட்டம் வந்தது. பல மாடிக் கட்டடம் அளவுள்ள உல்லாசக் கப்பல்கள் ஊரின் நடுக் கால்வாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தன. 2019 ஜூன் 2-ம் தேதி அப்படி ஒரு கப்பல் கட்டுப்பாட்டை இழந்து, கரையோரம் நின்ற சுற்றுலாப் படகின் மேல் மோதியது. சிலர் காயமடைந்தார்கள். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தக் கால்வாய்க்குள் வரத் தடை.

இன்னொரு பக்கம் ஊர்க்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1951-ல் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022 ஆகஸ்டில் அது 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியில், ஊரில் மிச்சமிருக்கும் மக்கள்தொகையைக் காட்டும் டிஜிட்டல் பலகை 2008 முதல் வைக்கப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் அதையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நாலு மணி நேரத்தில் என்ன பார்க்கிறோம்?

மதுரைக் குடும்பத்தின் பஸ் காலையில் த்ரோங்கெத்தோ என்ற தீவில் நிற்கும். பெரிய சுற்றுலாப் பேருந்துகளுக்கான இடம் அது. அங்கிருந்து தனியார் படகு. இருபது, முப்பது நிமிடத்தில் புனித மாற்கு சதுக்கத்தின் அருகே இறக்கிவிடுவார்கள். கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் ஓட்டம்.

தங்க மொசைக் வேய்ந்த தேவாலயம் வெளியிலிருந்து. கிட்டத்தட்ட 99 மீட்டர் உயர மணிக்கூண்டு வெளியிலிருந்து. கைதிகள் கடைசியாக வெளியுலகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகச் சொல்லப்படும் 'பெருமூச்சுப் பாலம்', அதுவும் வெளியிலிருந்து. பிறகு ஒரு கண்ணாடிப் பட்டறையில் பத்து நிமிடம், கண்ணாடியை ஊதிக் குதிரை செய்து காட்டுவார்கள். அடுத்தது அதன் விற்பனை அறை. இஷ்டப்பட்டவர்களுக்கு கொண்டோலாப் படகு. பகலில் அரை மணி நேரத்துக்குப் படகு ஒன்றுக்கு 90 யூரோ என்பது நகராட்சி நிர்ணயித்த கட்டணம், அதிகபட்சம் ஐந்து பேர் ஏறலாம். மூன்று மணிக்கெல்லாம் திரும்பப் படகு.

"வெனிஸ் பாத்தாச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம். தப்பில்லை. பட்ஜெட், விடுமுறை, விசா எல்லாம் சேர்ந்து நமக்குக் கொடுக்கும் நேரம் அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு மணி நேரத்தில் நாம் பார்த்தது நம்மைப் போலவே வந்திருக்கும் மற்ற சுற்றுலாப் பயணிகளைத்தான். ஊரை இன்னும் பார்க்கவில்லை.

ரெண்டு நாள் நிதானமாக இருந்தால்?

முதல் வேலை: கால்வாய்ப் பேருந்தில் ஏறுவது. 'வாப்பொரெத்தோ' என்பது வெனிஸின் டவுன் பஸ். முதலாம் எண் படகு எல்லா நிறுத்தத்திலும் நின்று, பெருங்கால்வாய் முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு கடக்கும். இரண்டு பக்கமும் தண்ணீரிலிருந்தே எழுந்து நிற்கும் மாளிகைகள். மிளகு, பட்டு, உப்பு வியாபாரத்தில் சம்பாதித்த பணம் கல்லாக நிற்கிறது. அந்த மிளகில் பெரும்பங்கு மலபார் கரையிலிருந்து அரபு வணிகர்கள் வழியாக அலெக்சாந்திரியா போய் அங்கிருந்து வந்தது. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதும் வெனிஸ் பதறியதற்குக் காரணம் அதுதான்.

ஒருதடவை டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ. விலை அதிகம்தான். ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஏறுவதாக இருந்தால் நாள் பாஸ் வாங்குவதே லாபம். பாலம் இல்லாத இடத்தில் கால்வாயைக் கடக்க ஊர்க்காரர்கள் பயன்படுத்தும் 'த்ரகெத்தோ' என்ற பரிசல்துறைகளும் சில இருக்கின்றன. இரண்டு பேர் துடுப்புப் போடும் கொண்டோலாவில் வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. கால்வாயின் அகலம்தான் பயணத் தூரம். ஆனால் 90 யூரோ செலவில்லாமல் கொண்டோலாவில் ஏறியாச்சு.

இரண்டாவது வேலை: வழி தவறுவது. இது வெனிஸில் தானாகவே நடக்கும். ஊர் ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டு எண் தெருவுக்குத் தெரு தொடங்காமல் பகுதி முழுக்க ஒரே தொடராக ஓடும். ஒரு பகுதியில் அது 6,000-ஐயும் தாண்டுகிறது. கூகுள் மேப் காட்டும் சந்து சில சமயம் தண்ணீரில் போய் முடியும். பயப்படத் தேவையில்லை. சுவர்களில் 'ரியால்டோவுக்கு', 'சான் மார்கோவுக்கு' என்று அம்புக்குறியோடு எழுதியிருக்கும் மஞ்சள் பலகைகளைப் பிடித்துக்கொண்டால் எப்படியும் தெரிந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

அப்படி வழி தவறிப் போகும்போது திடீரென்று ஒரு சின்ன மைதானம் வரும். 'காம்போ' என்பார்கள். நடுவில் செதுக்கு வேலைப்பாடுள்ள ஒரு கல் கிணறு, மூடி போட்டிருக்கும். பலரும் அதில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுப்பார்கள். அது உண்மையில் கிணறு கிடையாது. சுற்றிலும் உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் குடிக்க என்ன செய்வது? மைதானத்தையே ஆழமாகத் தோண்டி, உட்புறம் களிமண் பூசி, மணல் நிரப்பினார்கள். தரையில் விழும் மழைநீர், சிறு துவாரங்கள் வழியாக இறங்கி மணலில் வடிகட்டப்பட்டு நடுவில் உள்ள குழாயில் சேரும். குடம் குடமாக இறைத்துக்கொண்டார்கள். 1884-ல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை பல நூற்றாண்டுகள் வெனிஸ் குடித்தது இந்த மழைநீரைத்தான். தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய தமிழ்நாட்டுக் கண்களுக்கு, மாற்கு சதுக்கத்தின் தங்க மொசைக்கைவிட இது பெரிய அதிசயமாகத் தெரியலாம்.

மூன்றாவது: காலையில் ரியால்டோ மீன் சந்தை. பெருங்கால்வாய்க் கரையில் ஐஸ் மேல் மத்தியும் கணவாயும் நண்டும் பரப்பிக் கிடக்கும். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று பொறித்த பழைய சலவைக்கல் பலகையையும் பார்க்கலாம். மீன்குஞ்சைப் பிடிக்காதே என்று கடல் நம்பிப் பிழைத்த ஊர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். ஊர்க்காரர்கள் குறையக் குறைய, மீன் வாங்க ஆள் இல்லாமல் இங்கே கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. சுற்றுலாப் பயணி மீனைப் படம் எடுப்பார், வாங்க மாட்டாரே.

ரியால்டோவிலிருந்து சில நிமிட நடையில் 'கோர்த்தே செகொந்தா தெல் மிலியோன்' என்றொரு முற்றம் இருக்கிறது. மார்கோ போலோ குடும்பத்தின் வீடு இந்த இடத்தில்தான் இருந்ததாகக் கருதப்படுகிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்து, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தையும், முத்துக்குளிக்கும் முறையையும், வணிகர்கள் கொண்டுவந்து இறக்கிய குதிரைகளையும் பற்றிச் சொன்னவர். 24 வருடம் கழித்து 1295-ல்தான் அவர் ஊர் திரும்பினார். அந்த முற்றத்தில் ஐந்து நிமிடம் நிற்க எந்த டிக்கெட்டும் வேண்டாம். ஆனால் 'வெனிஸ் – 4 மணி நேரம்' திட்டத்தில் அந்த ஐந்து நிமிடம் இருக்காது.

மாலை நாலு மணிக்கு மேல் கொடி பிடித்த குழுக்கள் படகு ஏறத் தொடங்கும். கட்டண நேரமும் அப்போதுதான் முடிகிறது. பள்ளி விட்ட பிள்ளைகள் மைதானத்தில் பந்து விளையாடுவார்கள். 'பாக்காரோ' எனப்படும் சின்னக் கடைகளில் ஊர்க்காரர்கள் நின்றபடியே ஒயினோடு ஒரு துண்டு ரொட்டி மேல் வைத்த மீனோ காய்கறியோ சாப்பிடுவார்கள். வெங்காயமும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மத்தி மீன் இந்த ஊரின் ஸ்பெஷல். நீண்ட கடற்பயணத்துக்கு மீன் கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த பழைய பக்குவம்.

அப்போ, தங்கினால் எல்லாம் சரியா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. "ராத்திரி தங்குறவங்க நல்லவங்க, பகல்ல வர்றவங்க கெட்டவங்க" என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது.

தங்குவதற்கு அறை வேண்டும். வீட்டை ஊர்க்காரக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் பல மடங்கு வருமானம். ஒவ்வொரு வீடாக விடுதியாக மாறியது. 2023-ல் தீவு நகரத்தில் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை, வசிக்கும் மக்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டதாக உள்ளூர்க் குடியிருப்போர் அமைப்புகள் கணக்குக் காட்டின. வெனிஸில் வேலை செய்யும் பலர் வாடகை கட்டுப்படியாகாமல் மெஸ்த்ரேவில் குடியிருந்து தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து போகிறார்கள்.

ஆள் போனதும் அவர்களுக்கான கடைகளும் போயின. மளிகைக்கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை, செருப்பு தைக்கும் இடத்தில் ஐஸ்கிரீம் கடை. குறுகியகால வாடகைக்கு வரம்பு விதிக்க 2022-ல் இத்தாலி நாடாளுமன்றம் வெனிஸுக்குத் தனி அதிகாரமே கொடுத்தது. அதை நகர நிர்வாகம் கறாராகப் பயன்படுத்தவில்லை என்பது எதிர்ப்பாளர்களின் முக்கியக் குறை. "உண்மையான பிரச்சினை வீடு. அதை விட்டுட்டு அஞ்சு யூரோ வசூல் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

கட்டணம் வேலை செய்ததா?

பணமாகப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட அதிகம். 2024-ல் 29 நாட்களில் சுமார் 4,85,000 பேர் கட்டினார்கள், வசூல் சுமார் 24 லட்சம் யூரோ. கூட்டம் குறைந்ததா என்றால், குறைந்ததாகத் தெரியவில்லை. விமானத்துக்கும் ஓட்டலுக்கும் லட்சக்கணக்கில் செலவழித்து வந்தவர் 500 ரூபாய்க்காகத் திரும்பிப் போவாரா?

நகராட்சி சொல்லும் பதில் வேறு. கூட்டத்தை விரட்டுவது நோக்கமில்லை, எந்த நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதும், கூட்டம் குறைந்த நாளுக்கு வரும்படி தூண்டுவதும்தான் நோக்கம் என்கிறது. இதற்குப் பின்னால் யுனெஸ்கோவின் அழுத்தமும் உண்டு. 1987 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் வெனிஸை 'ஆபத்தில் உள்ள' இடங்களோடு சேர்க்கும்படி 2023-ல் பரிந்துரை வந்தது. நுழைவுக் கட்டணத் திட்டத்தை நகரம் உறுதிசெய்த சில நாட்களில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை.

கட்டணத்தோடு வேறு விதிகளும் வந்தன. 2024 ஆகஸ்ட் முதல் வழிகாட்டியோடு செல்லும் குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. அதிகப் பரபரப்பு இல்லாமல் வந்த இந்த விதிதான், சந்துகளில் குடியிருப்பவர்களின் அன்றாடத்தைத் தொடக்கூடியது.

போகிறவர்கள் கவனிக்க

* கட்டணம் உள்ள நாட்கள் வருடத்துக்கு வருடம் மாறும். கிளம்பும் முன் நகராட்சியின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பேக்கேஜ் டூர் என்றால் பதிவு யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

* நாலு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், சதுக்கத்தில் ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தில் மஞ்சள் பலகைக்கு எதிர்த்திசையில் நடந்து பாருங்கள்.

* தங்க முடிந்தால், வீட்டை விடுதியாக்கிய இடத்தைவிட முறையான ஓட்டலோ, விருந்தினர் இல்லமோ ஊருக்கு நல்லது.

* பாலத்தின் படிகளில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கக் கூடாது. 2019-ல் ரியால்டோ படிக்கட்டில் சின்ன அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மானியப் பயணிகளுக்கு 950 யூரோ அபராதம் போட்டார்கள். மாற்கு சதுக்கத்தில் புறாவுக்குத் தீனி போடுவதும் 2008 முதல் தடை.

* தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். ஊரெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. காலி பாட்டில் இருந்தால் போதும்.

* நவம்பர், டிசம்பரில் போனால் கடல் ஏற்றம் பற்றிய அறிவிப்பைப் பார்க்கணும். 2019 நவம்பர் 12-ம் தேதி நீர்மட்டம் 187 சென்டிமீட்டர் உயர்ந்து ஊரையே மூழ்கடித்தது. 2020 அக்டோபர் முதல் 78 ராட்சதக் கதவுகள் கொண்ட 'மோசே' தடுப்பு, பெரிய ஏற்றங்களைக் கடலிலேயே நிறுத்துகிறது.

அந்தக் கதவுகளால் கடலை நிறுத்த முடிகிறது. படகிலும் பஸ்ஸிலும் வரும் கூட்டத்துக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அஞ்சு யூரோ அதற்கான முதல் முயற்சி, அவ்வளவுதான்.

மதுரை அம்மாவின் கேள்விக்கு வருவோம். பொருட்காட்சிக்கு டிக்கெட் வாங்கினால் ராட்டினம் நமக்காகச் சுற்றும், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெனிஸில் விளக்கு அணைந்த பிறகும் 50,000-க்குச் சற்றுக் குறைவானவர்கள் அங்கேயே தூங்கி எழுந்து, மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மீன் வாங்கப் போகிறார்கள். நாலு மணி நேரமோ நாலு நாளோ, அவர்கள் இருக்கும் வரைதான் அது ஊர்.

"அப்பா, ஏழாம் நாள் ராத்திரி அங்கேயே தங்கிக்கலாமா? ஒரு நாட்டைக் குறைச்சுக்கலாம்" என்று மகள் கேட்டால், அப்பா கொஞ்சம் யோசிக்கலாம்.